முகாம் படம் போதும், வேன் சாவியைக் கொடுங்க

இதைப் போட்டா சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன வருஷம் திருவிழாவுக்கு முன்னாடி நம்ம தோட்டத்துக் கோவில் மண்டபத்துல மருத்துவ முகாம் நடந்துச்சு. பேனர், மாலை, பிரமுகர், படம் எல்லாம் உண்டு. விரல்ல குத்தி சீனி பார்த்ததுல ஒரு அக்காவுக்கு 17 காட்டுச்சு. ஒரு துண்டுச் சீட்டைக் கையில கொடுத்து, "கிளினிக் போங்கக்கா"ன்னு அனுப்பிட்டோம். ஆமா, நாங்கதான், தொண்டர்கள்தான் அனுப்பினோம். டவுனுக்கு பஸ் கிடையாது. ஒரு நாள் போனா ஒரு நாள் சம்பளம் போச்சு. அக்கா போகல. எட்டு மாசத்துல கால் விரல்ல புண்ணு. இப்போ ஒரு பாதமே இல்ல.

கூட்டத்துல இதைச் சொன்னோம். "நம்மாளுங்க வாயைக் கட்ட மாட்டாங்க"ன்னாரு ஒருத்தர். "கோவில் என்ன கிளினிக்கா?"ன்னாரு இன்னொருத்தர்.

வாயைக் கட்டுறதைப் பத்தி நாம பேசலாமா? தண்ணீர்ப் பந்தல்ல நாம ஊத்துறது சிவப்பு சிரப் தண்ணி. அதுக்கு மேல பாயசம். மோர் ஊத்தினா அம்மன் கோவிச்சுக்குவாளா?

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்கள்ல 31.4. அந்த மொத்தத்துல கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருக்குன்னே தெரியாது. முகாம் போட்டு அதைக் கண்டுபிடிக்கிறது நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. கண்டுபிடிச்சுட்டு நடுரோட்டுல விடுறதைத்தான் கேக்கறோம்.

வைத்தியத்துக்குப் பெரிய செலவும் இல்ல. அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி. 40 வயசு தாண்டிய, அரசாங்க உதவித்தொகை வாங்குற பி40 குடும்பத்தாருக்கு பெக்கா பி40 திட்டத்துல இலவச ரத்தப் பரிசோதனை. பங்கெடுக்கிற தனியார் கிளினிக்லயும் செய்வாங்க. நம்ம லயத்துல எத்தனை பேருக்கு இது தெரியும்? நாற்காலி வாடகைக்குக் காசு தேடுற நேரத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம்.

கோவில் வேன் வாரத்துல ஆறு நாள் கொட்டகையில சும்மா நிக்குது. அடுத்த கூட்டத்துல தீர்மானம் கொண்டு வர்றோம்: மாசத்துல ரெண்டு புதன்கிழமை வேன் கிளினிக் போகணும். ஓட்டுறதுக்கு எங்கள்ல மூணு பேர் தயார். பெட்ரோலும் நாங்களே போடுறோம். தலைவரய்யா, சாவியை மட்டும் கொடுங்க.