தாய்மார் மீதா பழி?

மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் குழந்தைகளை எடை போடுகிறார்கள். எடையை அட்டையில் புள்ளியாகக் குறிக்கிறார்கள். புள்ளி பச்சைப் பட்டையில் விழுந்தால் தாய் நிம்மதியாக வீடு திரும்புகிறாள். மஞ்சளில் விழுந்தால், அதற்கும் கீழே ஆரஞ்சில் விழுந்தால், விசாரணை ஆரம்பமாகிறது.

"பிள்ளைக்கு என்னம்மா கொடுக்கிறே? போன மாசமும் சொன்னேனே! முட்டை கொடு, பருப்பு கொடு, அஞ்சு வேளை ஊட்டுன்னு. பெத்தா மட்டும் போதுமா?"

சுற்றிலும் பத்துத் தாய்மார் நிற்கிறார்கள். அவள் பதில் சொல்லாமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகு கோபம் வெடிக்கிறது. "என் பிள்ளை ஓடி ஆடித்தானே திரிகிறது? எங்க வம்சமே ஒல்லி. இனி எடை போடத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன்!"

கள்ளக்குறிச்சியின் அரிசி ஆலைக் களங்களில் நெல் காய வைக்கும் பெண்களும், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டிக் கொடுக்கும் குடும்பங்களும், கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களும் இந்தப் பேச்சை அறிவார்கள். இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய் விழும் இடம்தான் தவறு. அதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

தராசு பொய் சொல்கிறதா?

முதலில் தராசைப் பற்றிச் சொல்லிவிடுவோம். "எங்கள் பிள்ளைகளின் உடல்வாகே அப்படி, வெள்ளைக்காரன் பிள்ளைக்குப் போட்ட கணக்கு நமக்குப் பொருந்தாது" என்று பலர் நினைக்கிறார்கள். படித்தவர்களிலும் சிலர் இப்படிப் பேசுகிறார்கள். இது சரியல்ல.

அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. அதற்கான ஆராய்ச்சி 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் நடந்தது. நம் நாட்டில் தில்லியில் வசதியான குடும்பங்களின் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பால், போதிய உணவு, சுத்தமான வீடு, மருத்துவ வசதி எல்லாம் உள்ள குழந்தைகள் அவர்கள். முடிவு என்ன? ஐந்து வயது வரை அந்த நாடுகளின் குழந்தைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். தில்லிப் பணக்காரனின் பிள்ளை நார்வே நாட்டுப் பிள்ளைக்குச் சளைக்கவில்லை!

இதன் பொருள் என்ன? சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியில் காணும் பெரிய வித்தியாசம் வம்சத்தால் வந்ததல்ல, வாழ்க்கையால் வந்தது. "எங்கள் ஜாதி உடம்பு இப்படித்தான்" என்று நாமே சொல்லிக்கொண்டால், நம் பிள்ளையின் தட்டில் இல்லாமல் போன சோற்றுக்கு நாமே ரசீது எழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இரண்டு வயது நிறைந்த பெண் குழந்தை நடுத்தரமாக 11½ கிலோ இருக்க வேண்டும். 9 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைவு. 8 கிலோ 100 கிராமுக்கும் கீழே போனால் கடுமையான எடை குறைவு. புஜத்தின் சுற்றளவு 11½ சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஊரில் எல்லாக் குழந்தைகளும் சிறுத்திருந்தால், சிறுத்த குழந்தை நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும். வயிற்றுப்போக்கோ நிமோனியாவோ வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். சதைப்பிடிப்புள்ள குழந்தை பிழைத்துக்கொள்ளும். வற்றிய குழந்தையால் தாங்க முடிவதில்லை. உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் பின்னால் ஊட்டக் குறைவு இருக்கிறது.

ஆகவே தராசு நமக்கு எதிரியல்ல. தராசைக் கண்டு பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள்!

பொய் எங்கே இருக்கிறது?

தராசு சொல்வது உண்மை. "இதற்குக் காரணம் உன் அஜாக்கிரதை" என்று தாயிடம் சொல்வதுதான் பொய்.

இரண்டு வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. ஒரே வேளையில் நிறையக் கொள்ளாது. மூன்று நான்கு வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை ஏதாவது தின்பதற்கு, அதிலே எண்ணெய், பருப்பு, முட்டை இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது சரி. ஆனால் ஊட்டுவது யார்?

கரும்பு வெட்டும் பருவத்தில் தாய் விடியுமுன் புறப்படுகிறாள். ஆலைக் களத்தில் நெல்லைப் பரப்பிக் கிளறுகிறவள் வெயில் தாழும் வரை களத்தை விட்டு அசைய முடியாது. பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது; அல்லது ஏழு வயது அக்காளிடம். காலையில் ஒரு குவளைக் கூழ், மத்தியானம் ரேஷன் அரிசிச் சோற்றில் ரசம், தாய் திரும்பிய பிறகு இரவுச் சோறு. அதற்குள் பிள்ளை தூங்கிவிட்டால் அதுவும் இல்லை. "ஐந்து வேளை ஊட்டு" என்று சொல்கிறவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள் என்பதை யோசிப்பதில்லை. கூலியை விட்டால் அடுப்பு எரியாது. கூலிக்குப் போனால் ஊட்ட ஆள் இல்லை. தாய் எதைத்தான் செய்வாள்?

தாய்மாரை நிறுத்தி வைத்துக் கேட்கும் கேள்வியைத் தகப்பன்மாரிடம் யாரும் கேட்பதில்லையே, ஏன்? தோழர்களே, இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உயிரைக் குடிக்காத நாட்களிலும் சாராயம் கூலியைக் குடிக்கிறது. பிள்ளையின் முட்டை அந்தக் கோப்பையிலும் கரைகிறது என்பதை மறைக்கக் கூடாது.

மலையின் கதை

கல்வராயன் மலையில் இந்தப் பிரச்னைக்கு இன்னும் ஆழமான வேர் உண்டு. இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகுதான் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் நிலத்துக்கான போராட்டம் ஓயவில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்து, ரோடும் ஆஸ்பத்திரியும் ரேஷனும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க வேண்டி வந்தது. சாராயச் சாவு நடந்த பிறகுதான் மலை கண்ணில் பட்டது!

இந்த மலையின் பழைய சாப்பாடு சாமை, ராகி, தினை. இன்று பல கொல்லைகளில் மரவள்ளி நிற்கிறது. கிழங்கு லாரி ஏறி சேலம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கையில் கொஞ்சம் காசு வருகிறது. வீட்டுக் குதிரில் தானியம் இல்லை. மரவள்ளி வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதச் சத்து மிகச் சொற்பம். ராகியும் சாமையும் போன இடத்தில் மாவுச் சத்து மட்டும் வந்தால் குழந்தையின் எலும்பும் சதையும் எதைக் கொண்டு வளரும்?

நிலம் போதாதவர்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். குழந்தையும் கூடப் போகிறது. அட்டை ஓர் ஊரில், குழந்தை வேறோர் ஊரில். மாவும் முட்டையும் அட்டை இருக்கும் ஊரில்!

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நம் கோவைக்கு அடுத்த கேரளத்து அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அங்கும் தாய்மாரின் பழக்கவழக்கத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. விசாரித்துப் பார்த்தபோது தாய்மாரின் இரத்தச் சோகையும், எடை குறைந்த பிரசவங்களும், கைவிட்டுப் போன நிலமும், மறைந்துபோன சிறுதானிய விவசாயமும் வெளிப்பட்டன. பிறகுதான் ஊருக்கு ஊர் சமூகச் சமையற்கூடங்கள் வந்தன. சிறுதானியச் சாகுபடியை மீட்கும் முயற்சி தொடங்கியது. சோறு போட வேண்டிய இடத்தில் போதனை போட்டுப் பயனில்லை என்பதே அட்டப்பாடி தந்த பாடம்.

தமிழ்நாட்டின் கணக்கு

தமிழ்நாடு இந்த விஷயத்தில் மற்றப் பல ராஜ்யங்களுக்கு முன்னோடி. அதை மறுக்க வேண்டியதில்லை. 1975 அக்டோபர் 2ந் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு அங்கேயே கூடுதல் உணவு கொடுத்தது. 1982இல் சத்துணவு, 1989இல் அதிலே முட்டை, 2022இல் பள்ளிக்கூடங்களில் காலைச் சிற்றுண்டி, அதே வருஷம் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம். இவை வெறும் தானமல்ல. மக்கள் வரிப்பணத்தில், மக்கள் கேட்டுப் பெற்ற உரிமைகள்.

இவ்வளவுக்குப் பிறகும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 22 பேர் எடை குறைந்தவர்கள். 25 பேர் உயரம் குன்றியவர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளில் 57 பேருக்கு இரத்தச் சோகை. பெண்களிலும் 53 பேருக்கு இரத்தச் சோகை. லட்சக்கணக்கான தாய்மார் ஒரே சமயத்தில் அஜாக்கிரதையாக இருந்துவிட்டார்களா? ஒரு வீட்டில் நடந்தால் அந்த வீட்டைக் கேட்கலாம். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் நடந்தால் நாட்டைத்தான் கேட்க வேண்டும்!

2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு வயதுக்கு உட்பட்ட ஊட்டம் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 800 கலோரியும் 20 முதல் 25 கிராம் புரதமும் தர வேண்டும் என்கிறது. 2017இல் மத்திய சர்க்கார் இதற்கு ஒதுக்கிய செலவு, சாதாரணக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கடுமையான எடை குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாய். எட்டு ரூபாய்க்குச் சட்டம் சொல்லும் சத்தை வாங்கிக் காட்டட்டும். அதன் பிறகு தாயைத் திட்டட்டும்!

நர்சும் உழைப்பாளியே

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. உங்களைக் கடிந்துகொண்ட அந்த அங்கன்வாடி ஊழியரும், கிராம சுகாதார நர்சும் உங்கள் எதிரிகள் அல்ல. அங்கன்வாடி ஊழியருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று கூடச் சொல்லாமல் 'மதிப்பூதியம்' என்கிறார்கள். மத்திய சர்க்கார் 2018இல் அதற்காக நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். எடை, பதிவேடு, செல்போன் கணக்கு, சமையல், கூட்டம் எல்லாம் ஒரே தலையில். மஞ்சள் புள்ளி கூடினால் மேலதிகாரி அவரைக் கேட்கிறார். அவர் உங்களைக் கேட்கிறார். மேலேயிருந்து உருண்டு வரும் பழி கடைசியில் கூலிக்காரப் பெண்ணின் மடியில் விழுகிறது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பொருமுவதால் பிள்ளைக்கு ஒரு கிராம் எடை கூடப் போவதில்லை.

ஊழியர்களுக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. எடை ஏறாததற்குக் குடற்புழு, காசநோய், இருதயக் கோளாறு, ஓயாத வயிற்றுப்போக்கு என்று பல காரணங்கள் இருக்கலாம். பரிசோதித்துப் பாருங்கள். "என்ன கொடுக்கிறாய்?" என்று கேட்கும்போதே "எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாய்? பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். பத்துப் பேர் நடுவில் தாயை அவமானப்படுத்தாதீர்கள். அவமானப்பட்ட தாய் அடுத்த மாதம் வர மாட்டாள். அந்த மாதத்தில் குழந்தைக்கு எதுவும் நேரலாம்.

என்ன செய்ய வேண்டும்?

1. மலையில் குடியிருப்புக்கு எட்டும் தூரத்தில் அங்கன்வாடி வேண்டும். 40 குழந்தைகள் இருந்து அங்கன்வாடி இல்லாத ஊர் கேட்டால் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே உத்தரவிட்டிருக்கிறது. சிதறிக் கிடக்கும் மலைக் குடியிருப்புகளுக்குச் சிறு அங்கன்வாடிகள் தர வேண்டும்.

2. ஆலைக் களத்திலும், கரும்புக் கொல்லையிலும், ஊரக வேலைத் தலத்திலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் நிழலும் வேண்டும். வேலை நேரத்துக்குப் பொருந்தும்படி அங்கன்வாடி விடியற்காலையில் திறந்து மாலை வரை நடக்க வேண்டும்.

3. கடுமையாக மெலிந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், கூட இருக்கும் தாய்க்கு அத்தனை நாள் கூலியும் சாப்பாடும் சர்க்கார் கொடுக்க வேண்டும்.

4. 2023இல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் ரேஷனில் ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த உரிமை ஒவ்வொரு மலைக்கும் உண்டு. மலை விவசாயியின் ராகியையும் சாமையையும் சர்க்கார் நியாய விலைக்கு வாங்கி, மலைக் குழந்தைக்கே கொடுக்கட்டும்.

5. வேலை தேடி வெளியூர் போகும் குடும்பத்தின் குழந்தைக்குப் போன ஊரிலேயே எடையும் உணவும் மருந்தும் கிடைக்க ஏற்பாடு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, குடும்பம் பிழைக்கும் கூலி. கூலி உயராமல் குழந்தையின் எடை உயராது.

அட்டையை மறைக்காதீர்கள்!

தாய்மாரே, அடுத்த எடை நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். புள்ளி எந்த நிறத்தில் விழுந்தது என்று கேளுங்கள். போன மாதம் எங்கே இருந்தது என்று பாருங்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய மாவையும் முட்டையையும் கேட்டு வாங்குங்கள். டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் தயங்காமல் போங்கள். பிறகு அந்த அட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஊர்ச் சபைக்குக் கொண்டு வாருங்கள். பத்து அட்டைகள், இருபது அட்டைகள் ஒன்றாகச் சேரட்டும். தனித்தனியாக இருந்தால் அது ஒவ்வொரு தாயின் அவமானம். ஒன்றாகச் சேர்ந்தால் அது ஊரின் மனு.

தராசில் ஏறி நிற்பது நம் குழந்தை மட்டுமல்ல. நம் கூலி, நம் நிலம், நம்மை ஆள்கிறவர்களின் வாக்குறுதி, எல்லாம் அந்தத் தட்டில் ஏறி நிற்கின்றன. எடை குறைவது அவற்றில்தான். பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்!