புதர்க் கனிகளும் நம் குழந்தைகளும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, இங்கே ஜபல்பூர் இரயில்வே குடியிருப்பின் பின்புறம் விளையாடிய நம் இளைய மகள் உதடு கறுக்க வீடு திரும்பினாள். “அப்பா, இங்கேயும் மணத்தக்காளி இருக்கிறது!” என்றாள். பாட்டி ஊரில் உண்ட சுவையை அவள் மறக்கவில்லை. மாலைக்குள் வாந்தி கண்டது. மருத்துவர் முதலில் வினவியது, “எந்தச் செடி?” என்பதே. நம்மிடம் விடையில்லை. இருப்புப்பாதை ஓரம் ஓடி ஒரு கிளையை ஒடித்து வந்தோம். கண்டதும், “ராய்முனியா” என்றார். நம் உண்ணிச்செடிதான் அது! இரண்டு நாளில் குழந்தை தேறினாள்.

நேயர்களே, மணத்தக்காளி முள்ளற்ற சிறு செடி, வெண்பூ பூப்பது. உண்ணியோ புதர். நாற்கோணத் தண்டில் சிறு முட்கள், எதிரெதிரே சொரசொரப்பான இலைகள், கசக்கினால் கடுநெடி, ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்ப் பூக்கள். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்டு நாடெங்கும் பரவிவிட்டது. அதன் பச்சைக்காய் நஞ்சுடையது. கனிந்ததைச் சிலர் உண்பதுண்டு. காயும் கனியும் ஒரே கொத்தில் கலந்திருக்க, குழந்தை பிரித்தா பார்க்கும்?

பறவை தின்பது மனிதருக்கும் ஆகும் என்பர். உண்ணிப்பழத்தைக் கொண்டைக்குருவி நாளும் தின்கிறது! பால் வடிந்தால் நஞ்சு என்பாரும் உளர். அரளியில் பால் வடிகிறது, மெய்தான், களாவிலும் வடிகிறதே! அதையே இவ்வூரார் கரௌந்தா என்று ஊறுகாய் இடுகின்றனர்.

இனம் அறிய, கனி மட்டும் போதாது; இலை, பூ, காயோடு கிளையையே மருத்துவரிடம் கொண்டு செல்க. நாம் ஒடித்த கிளை பழைய இரயில் கால அட்டவணையினிடையே உலர்ந்து கிடக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.