மீண்ட காதலும் கூட்டு வாணிகமும்

ஒருகால் அன்பு பூண்டு, இடையே பிரிந்து, பின்னர் ஒரு தொழிலின் பொருட்டு மீண்டும் ஒருங்கு கூடிய இருவரைப்பற்றிய கதைகளை நம் மாணவ நண்பர்கள் பெரிதும் விரும்பிப் படிக்கின்றனர். வெள்ளித்திரையிலும் கண்டு களிக்கின்றனர். கதையின் போக்குப் பெரும்பாலும் ஒன்றே. தலைவனும் தலைவியும் ஒரு கடையையோ கம்பெனியையோ கூட்டாகத் தொடங்குவர். முதலில் முகங்கொடுத்துப் பேசார். நட்டம் நேரும் நாளிலே பழைய அன்பு தலைகாட்டும். ஈற்றில் மாலை மாற்றுவர். அம்மட்டோடு கதை முடிந்துவிடும். மாலை மாற்றிய மறுநாள் அக்கடையின் பேரேட்டை எழுதியவர் யார், முதல் யாருடையது, இலாபம் எவ்வாறு பகிரப்பட்டது என்பவற்றை எந்தக் கதையாசிரியரும் கூறுவதில்லை. காதல் மீண்டபின் கணக்கு எற்றுக்கு என்பது அவர் கருத்துப் போலும். எம் கருத்து அதற்கு நேர்மாறானது. பிரிந்தவர் கூடித் தொழில் செய்யுங்கால், ஒருவர்க்கொருவர் ஒளியாது கணக்குக் காட்டுவதே அன்பு மெய்யாக மீண்டதற்குச் சான்றாகும் என்பது எம் துணிபு. அதனை இங்குச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. மயிலையிலே சாந்தோம் ஆலயத்தினின்று வடக்கு நோக்கி, கலங்கரை விளக்கத்தைக் கடந்து கடற்கரைச் சாலையில் நடப்போமாயின், கையில் ஒற்றைச் சிலம்பேந்தி நிற்கும் கண்ணகியின் சிலையைக் காண்போம். 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற சிலை அது. 2001-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டு, 2006-ஆம் ஆண்டில் மீண்டும் நிறுவப்பெற்றது. அதனைக் காண்போர் கற்பையும் சினத்தையும் நீதியையும் நினைப்பர். அவை தக்கனவே. ஆயினும் எமக்கு அங்கு நிற்குந்தோறும் வேறொன்று நினைவிற்கு வருகின்றது. அவள் கையிலுள்ளது ஒரு வாணிகத்திற்கென எடுத்துச் சென்ற முதலிற் பாதியன்றோ!

சிலப்பதிகாரத்தை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1892-ஆம் ஆண்டில் உரையுடன் அச்சேற்றித் தந்த பின்னர், அதனைப் பத்தினியின் கதையாகவே பலரும் பயின்று வருகின்றனர். வணிகர் கதையாகவும் அதனைப் பயிலலாம். கண்ணகியின் தந்தை மாநாய்கன் கடல் வாணிகன்; கோவலன் தந்தை மாசாத்துவானும் பெருவணிகன். பன்னிரண்டு ஆண்டு நிரம்பும் பருவத்தினளும் பதினாறு ஆண்டினனுமாய் மணந்த அவ்விருவரும் தனிமனை புகுந்து இல்லறம் நடத்தினர். பின்னர்க் கோவலன் மாதவியின் மாலையை 1008 கழஞ்சு பொன்னுக்கு வாங்கி அவள் மனை புகுந்தான். முன்னோர் ஈட்டிய குன்றனைய பொருளெல்லாம் கரைந்தது. கானல்வரிப் பாட்டில் நேர்ந்த ஐயத்தால் மாதவியைப் பிரிந்து, வறுமையும் நாணமும் துணையாகத் தன் மனைக்கு மீண்டான்.

அவன் மீண்டபொழுது நிகழ்ந்தது நோக்கத்தக்கது. குலப்பொருள் தொலைந்த வறுமை தனக்கு நாணுத் தருவதாக அவன் கூறினான். மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்மையால் இங்ஙனம் வருந்துகின்றான் எனக் கருதிய கண்ணகி, நகைமுகம் காட்டி, இன்னும் சிலம்புகள் உள்ளன, அவற்றைக் கொள்க என்றாள். அவனோ, அச்சிலம்பையே முதலாகக்கொண்டு, இழந்த பொருளை மீட்பதற்கு மதுரைக்குச் செல்வோம், நீயும் எழுக என்றான். வைகறை இருளிலேயே இருவரும் புறப்பட்டனர். காதல் மீண்டதும் கூட்டு வாணிகம் தொடங்கியதும் ஒரே இரவில் நிகழ்ந்தன. முதல் முழுவதும் மனைவியுடையது. உழைப்புக் கணவனுடையதாக இருத்தல் வேண்டும். கூட்டாளிகள் இருவர்க்குள்ளும் உடன்படிக்கை மட்டும் இல்லை.

வழியிற் கவுந்தியடிகள் துணையாயினார். மதுரையின் புறஞ்சேரியில் ஆய்ச்சியாகிய மாதரியின் மனையில் இருவரும் அடைக்கலம் புகுந்தனர். கண்ணகி தன் கையாற் சமைத்த உணவை உண்டபின், கோவலன் தன் குற்றங்களை நினைந்து இரங்கினான். அப்பொழுது கண்ணகி வாளாவிருந்திலள். விருந்தினரைப் பேணுதல் முதலிய இல்லறக் கடன்களைத் தான் இழந்ததையும், மாமனும் மாமியும் வந்த நாட்களில் தன் துயரைப் பொய்ந்நகையால் மறைத்ததையும், அதனைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தியதையும் எடுத்துரைத்தாள். நீர் மேற்கொண்டது சான்றோர் போற்றாத ஒழுக்கம் என்று நேர்படவும் கூறினாள். ஆயினும் தன் உள்ளம் மாறாமையின் அவனோடு எழுந்து வந்ததாக முடித்தாள். எம் சிறு கருத்தில், நூல் முழுவதிலும் அவ்விருவரும் மெய்யாகக் கூடிய இடம் இதுவே. சிலம்பைக் கொடுத்த இரவிற் கண்ணகி நகைத்தாள். இங்கு உண்மை பேசினாள். பழைய கடன் இன்னதென இருவரும் அறிந்து, அதன்பின் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டனர்.

அந்தோ! அவ்வுண்மை அன்பளவில் நின்றுவிட்டது; வாணிகத்திற்குச் சென்று சேரவில்லை. கோவலன் ஒரு சிலம்பை மட்டும் எடுத்துக்கொண்டு தனியே கடைவீதி சென்றான். எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம், அரசிக்குத் தக்கதொரு காலணியை விலை மதிக்க வல்லையோ என வினவினான். அரசியின் சிலம்பை முன்னரே களவாடியிருந்த அவன், காத்திருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்கு ஓடினான். ஊடிச் சென்ற தேவியைத் தேற்றும்பொருட்டு விரைந்துகொண்டிருந்த பாண்டியன், ஆராயாது ஆணையிட்டான். கோவலன் வெட்டுண்டான்.

பின்னர் அரசவையில் வழக்கை முடித்தது எது? கண்ணீரன்று, ஒரு செய்தி. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் கண்ணகி. தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான் பாண்டியன். உடைத்த சிலம்பினின்று மாணிக்கம் தெறித்தது. மன்னன் உயிர் நீத்தான். மாணவத் தோழர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கோவலனைக் காக்கவல்ல சான்று, அவன் கொலையுண்ட பொழுதில், மாதரியின் மனையில் அமர்ந்திருந்தது. முதல் கொடுத்தவள் அப்பொருளின் உள்ளீட்டை அறிவாள். ஆயினும் விற்குமிடத்தில் அவள் இல்லை. கூட்டாளியின் பொருள் கடைக்குச் சென்றது. கூட்டாளியின் அறிவு செல்லவில்லை.

குலமகளிர் அக்காலத்துக் கடைவீதியில் நின்று விலை பேசுதல் வழக்கமன்றே எனச் சிலர் கூறுவர். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதன்றோ இளங்கோவடிகள் கருத்து என வேறு சிலர் கூறுவர். இரண்டும் மறுக்கத்தக்கன அல்ல. எனினும், பொருளைக் கொடுக்கும் உரிமை ஒருத்திக்கு உண்டெனில் அதன் விற்பனையிற் சொல்லும் உரிமை ஏன் இல்லை என்று இன்று நாம் வினவுதல் பிழையாகாது. ஊழ் அடிகளின் முடிபே ஆயினும், மாணிக்கப் பரலை அறிந்த நாவினைக் கண்ணகிக்கு அளித்தவரும் அவ்வடிகளே.

நம் காலத்துச் சட்டம் இவ்வினாவிற்கு விடை கூறுகின்றது. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, கூட்டாளிகள் ஒருவர்க்கொருவர் நேர்மையுடன் ஒழுகவும், உண்மையான கணக்கையும் முழுச் செய்தியையும் தரவும் கடமைப்பட்டவர் என்கின்றது. 12-ஆம் பிரிவு, கணக்கேடுகளைப் பார்க்கவும் படியெடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டென்கின்றது. 25-ஆம் பிரிவோ, கூட்டு நிலையத்தின் செயல்களுக்குக் கூட்டாளிகள் அனைவரும் பொறுப்பாவர் என்கின்றது. கண்ணகி இப்பொறுப்பை முழுவதும் சுமந்தாள். முன்னிரண்டு உரிமைகளும் அவளுக்குக் கிட்டவில்லை. தியாகராயநகரில் விற்கும் பொன் நகைக்கு, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த முத்திரைக் குறியீடு 1-4-2023 முதல் வேண்டப்படுகின்றது. சிறு மோதிரத்திற்கே அதன் தன்மையை உரைக்கும் அடையாளம் வேண்டுமெனின், இருவர் தம் வாழ்வையும் பொருளையும் ஒருங்கு வைக்கும் முயற்சிக்கு எழுத்தொன்று வேண்டாவோ?

இஃது அன்பைக் குறைப்பதாகும் என அஞ்சுவோர், மேனாட்டில் நம் காலத்தே நிகழ்ந்த ஒன்றைக் கேட்பாராக. மரீனா அப்ராமோவிச், ஊலாய் என்னும் கலைஞர் இருவர் காதலராய்ப் பன்னிரண்டு ஆண்டு கூடிக் கலை நிகழ்த்தினர். 1988-ஆம் ஆண்டில் சீனப் பெருஞ்சுவரின் இரு கோடியினின்றும் புறப்பட்டு நடந்து, நடுவிற் சந்தித்துப் பிரிந்தனர். தாம் கூடிச் செய்த படைப்புக்களின் வருவாயைப் பற்றி 1999-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 2010-ஆம் ஆண்டில் நியூயார்க்குக் கலைக்கூடம் ஒன்றில் அவள் முன்னே அவன் வந்தமர்ந்தான். இருவரும் கண்ணீர் மல்கினர். உலகமே அக்காட்சியைக் கண்டு உருகிற்று. ஆனால் அக்கண்ணீர் கணக்கைத் தீர்க்கவில்லை. அவன் வழக்குத் தொடுத்தான். 2016-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு நீதிமன்றம் அவனுக்கு இரண்டரை இலட்சம் யூரோவுக்கு மேல் தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே இருவரும் மெய்யாக நட்புக்கொண்டனர். 2020-ஆம் ஆண்டில் ஊலாய் இறந்தபொழுது அவ்விருவர்க்குள்ளும் பகையில்லை. கணக்கு அவர்கள் அன்பைக் கெடுக்கவில்லை. கணக்குத் தீராமையே கெடுத்திருந்தது.

கிறிஸ்தவராகிய எமக்கு இது புதிய போதனையன்று. பவுல் அப்போஸ்தலர் பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தை நினைக்கின்றோம். ஓடிப்போன ஒநேசிமுவை மீண்டும் ஏற்றுக்கொள்ளுமாறு அவர் வேண்டுகின்றார். தம்மை ஏற்றுக்கொள்வதுபோல் அவனையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கின்றார். அவ்விடத்தே பழைய கடனை மறந்துவிடுக என்று அவர் எழுதவில்லை. அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதனைத் தம் கணக்கில் வைக்குமாறும், தாமே செலுத்துவதாகவும் தம் கைப்பட எழுதுகின்றார். மன்னிப்பாவது கணக்கைக் கிழித்தெறிதலன்று. கணக்கை நேரே நோக்கி, அதன் பாரத்தைத் தாங்க முன்வருதலே. அப்போஸ்தலர் நடபடிகளிலே அனனியாவும் சப்பீராளும் ஒருமனப்பட்ட கணவனும் மனைவியுமே. ஆயினும் அவர்கள் ஒருமனப்பட்டது பொய்க்கணக்கிலாதலின் இருவரும் வீழ்ந்தனர்.

ஆதலின், அடையாற்றிலோ மயிலையிலோ தியாகராயநகரிலோ, ஒருகாற் பிரிந்த இருவர் மீண்டும் கூடி ஒரு கடை திறப்பாராயின், அவர்களை நாம் நகையாதிருப்போமாக. அவர்கள் செய்வது எளிய செயலன்று. முன்னொருகால் உடைந்ததென அறிந்தும் மறுபடி கைநீட்டுகின்றனர். ஆயினும் அவர்களுக்குச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. மாதரி மனையிற் பேசியதைப்போல் பழையதை முதலிற் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கடைவீதிக்கு இருவரும் உடன் செல்லுங்கள். சிலம்பினுள் இருப்பது மாணிக்கமோ முத்தோ என்பதை இருவரும் அறிந்திருங்கள். நம் கல்லூரியை விட்டு நீங்கி இல்லறத்திலும் தொழிலிலும் புகவிருக்கும் நமக்கும் இது பொருந்தும். அடுத்தமுறை கடற்கரையில் அச்சிலையைக் காணும்பொழுது, அவள் ஏந்தி நிற்கும் ஒற்றைச் சிலம்போடு, அவளைக் கேளாது விற்கச் சென்ற மற்றொன்றையும் நினைப்போமாக.