பிடுங்கிய பல்லுக்குக் கணக்கு உண்டு, காத்த பல்லுக்கு?

கோயமுத்தூர் உக்கடத்திலே பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. மீன் மார்க்கெட்டிலே பெட்டி இறக்குகிற தோழர், லாரிப்பேட்டையிலே மூட்டை சுமக்கிற தோழர், தெருக்கூட்டப் புறப்படுகிற தாய் எல்லோரும் இருட்டிலேயே எழுந்து நடக்கிறார்கள். அவர்கள் வீட்டிலே சில நாள் இரவு முழுவதும் தூங்காத ஒரு ஜீவனும் உண்டு. அது பல்வலிக்காரக் குழந்தை.

"விழுகிற பல்லுத்தானுங்களே, போகட்டும்" என்று இருந்துவிடுகிறோம். கன்னம் வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது. அப்புறம் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அன்றைக்குக் கூலி போயிற்று, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போயிற்று, கடைசியிலே பல்லும் போயிற்று!

விழுகிற பல் என்பது பாதி உண்மைதான், தோழர்களே! பால்பற்களிலே கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை நின்று வேலை செய்ய வேண்டியவை. அதுமட்டுமல்ல. ஆறாவது வயதிலே, பால்பல் வரிசைக்குப் பின்னாலே, எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கிறது. எதுவும் விழாததாலே அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறோம். அதுவோ ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். அது போனால் வேறு பல் முளைக்காது.

பல்லைத் தின்பது புழு அல்ல. இனிப்பு பல்லிலே ஒட்டுகிறது. வாயில் உள்ள கிருமி அதைத் தின்று அமிலமாக்குகிறது. அமிலம் பல்லை அரிக்கிறது. இதைத் தடுப்பது பெரிய வித்தையா? புளோரைடு சேர்ந்த பற்பசை, மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு, காலையிலும் இரவு படுக்குமுன்னும். செங்கற்பொடியும் சாம்பலும் பல்லைத் தேய்க்கும், காக்காது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை பல்லிலே புளோரைடு வார்னிஷ் பூசலாம். ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களை மருந்தாலே அடைத்துவிடலாம். ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். தர்மபுரிப் பக்கம்போல் தண்ணீரிலேயே புளோரைடு மிகுந்த ஊர்களுக்கு முறை வேறு. அங்கே முதலில் திருத்த வேண்டியது குடிநீர்.

இதையெல்லாம் யார் செய்வது? பல் வைத்திய மாணவர்கள் செய்யட்டும் என்கிறோம்.

சென்னையிலே 1953-ல் சர்க்கார் பல் வைத்தியப் படிப்பு தொடங்கிற்று. சிதம்பரத்துக் கல்லூரி பின்னர் சர்க்கார் வசமாயிற்று. புதுக்கோட்டையிலே 2023-ல் ஒன்று திறந்தார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூடக் கொங்கு நாட்டிலே இல்லை. ஆனால் தனியார் பல் வைத்தியக் கல்லூரிகள் கோயமுத்தூரிலே உண்டு. "தனியாரை நாம் கேட்க முடியுமா?" என்பீர்கள். ஏன் முடியாது? சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த ஏழரை விழுக்காடு ஒதுக்கீட்டிலே பல் வைத்தியப் படிப்பும் அடக்கம். அந்தப் பிள்ளைகள் தனியார் கல்லூரியிலே சேர்ந்தாலும் கட்டணத்தைச் சர்க்கார் கட்டுகிறது. ஊர்ப் பணம் உள்ளே போகிறதே, ஊர்ப் பிள்ளைக்குச் சேவை வெளியே வர வேண்டாமா?

நான்கு ஆண்டுப் படிப்பு, அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி. மக்களிடையே போய்ப் பணியாற்றவும் அதிலே இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு நாள் முகாம், ஒரு பானர், ஒரு புகைப்படம், பிள்ளைக்கு ஒரு பிரஷ். அடுத்த ஆண்டு முகாம் வேறு பள்ளியிலே! இத்தனை பல் பிடுங்கினார், இத்தனை பல் அடைத்தார் என்று மாணவருக்குக் கணக்கு எழுதுகிறார்கள். இத்தனை பல்லைச் சொத்தை விழாமல் காத்தார் என்று எழுத ஏடு எங்கே? வந்த நோயைத் தீர்க்கப் பழகியவர், வருமுன் காக்கப் பழக வேண்டாமா?

2013 முதல் பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழு பல்லையும் பார்க்கிறது, மறுக்கவில்லை. பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு எழுதுகிறது. அந்தச் சீட்டோடு போக, தகப்பன் ஒருநாள் கூலியை விட வேண்டும். சீட்டு சட்டைப்பையிலேயே கசங்கிப் போகிறது.

பள்ளிக்கே வைத்தியத்தைக் கொண்டுபோவது கனவல்ல. நியூசிலாந்திலே 1921-ல் இளம் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க அமர்த்தினார்கள். அந்த முறையை 1950-களிலே இலங்கை மேற்கொண்டது. மகரகமவிலே பயிற்சிப் பள்ளி வைத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே 1980-களிலே சத்துணவோடு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பற்பொடியும் கொடுத்தார்களே! அன்று முடிந்தது இன்று முடியாதா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு பல் வைத்தியக் கல்லூரிக்கும் குறிப்பிட்ட மாநகராட்சிப் பள்ளிகளை ஒப்படையுங்கள். அதே பிள்ளைகளை ஆண்டுக்கு இரு முறை, ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்க்கட்டும். பேராசிரியர் மேற்பார்வையிலே வார்னிஷும் அடைப்பும் பள்ளியிலேயே நடக்கட்டும். காத்த பல்லின் கணக்கையும் மாணவர் தேர்ச்சியிலே சேருங்கள்.

தோழர்களே! உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிலே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வட்டக் கூட்டத்திலே பேசுங்கள், கவுன்சிலரைக் கேளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இன்றிரவே விளக்கைப் பிடித்து, உங்கள் வீட்டு ஆறு வயதுப் பிள்ளையின் வாயைத் திறந்து, கடைசிப் பல்லைப் பாருங்கள்.

உக்கடத்திலே 2024-ல் மேம்பாலம் திறந்தாயிற்று, மகிழ்ச்சி! அந்தப் பாலத்தின் கீழே நடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளையின் பல்லுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். அதற்குச் சிமெண்டு வேண்டாம். சிந்தை இருந்தால் போதும்!