ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்தா? எக்மோ சிகிச்சையில் என்ன சிக்கல்?

ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 80 கிலோ லிட்டர் திரவ ஆக்சிஜனை ஆந்திரா, தெலங்கானாவுக்குத் திருப்பி விடக் கூடாது என 2021 ஏப்ரலில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆக்சிஜனுக்காக ஊரே அல்லாடிய நேரம் அது. அதனாலேயே 'ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து' என்றால் பலருக்கு நம்ப முடிவதில்லை.

ஜெயலலிதா, எஸ்.பி.பாலசுப்ரமணியம் சிகிச்சைகளின்போது தமிழகம் முழுக்கக் கேட்ட பெயர் எக்மோ. ரத்தத்தை வெளியே எடுத்து, செயற்கை நுரையீரல் வழியே ஆக்சிஜன் ஏற்றி, மறுபடியும் உடலுக்குள் செலுத்தும் கருவி இது. அந்தச் செயற்கை நுரையீரல் ரொம்பவே திறமையானது. சிக்கலே அங்கேதான். ஆரோக்கியமானவரின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 80 முதல் 100 மி.மீ. பாதரசம். எக்மோவில் அது 300-ஐத் தாண்டிவிடக்கூடும். இதயத்துக்கும் துணை நிற்கும் வகை எக்மோ என்றால், அந்த ரத்தம் நேராகத் தமனிக்கே போகும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. அழுத்தம் 150 ஆனாலும் 400 ஆனாலும் திரையில் 99, 100தான்.

மிகுதியான ஆக்சிஜன் செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருட்களை உருவாக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஏற்கெனவே ரத்த ஓட்டம் தடைபட்டு மீண்ட மூளைக்கு இது இன்னொரு அடி. 300-ஐத் தாண்டியவர்களிடம் இறப்பு அதிகம் என்கின்றன பல ஆய்வுகள். ஆனால் மோசமான நிலையில் இருந்தவர்களுக்கே அதிகம் கொடுத்திருக்கலாமே? 2024-ல் வெளியான ஆஸ்திரேலியாவின் 'பிளெண்டர்' சோதனையில், ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தியதால் ஐசியுவுக்கு வெளியே கழித்த நாட்கள் கூடவில்லை.

அதற்காக முழுசாகத் திறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. நோயாளியின் வலது கையில் ரத்தம் எடுத்து, அழுத்தத்தை அளந்து, கலவைக் கருவியில் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கிறார்கள் மருத்துவர்கள்.