கல்லில் இல்லாத நந்தினி

‘தொடர்கதை யாரையும் கெடுத்துவிடாது; படித்தவன் அடுத்த வாரம் மறந்துவிடுகிறான்’ என்று நம்மிலேயே சிலர் பெருந்தன்மையோடு சொல்கிறார்கள். இது பெருந்தன்மை அல்ல, சோம்பல்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரைச் சொல்வது அது. அச்சான வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அச்சுவர் முன் நின்றபோது என் கண் தேடியது நந்தினியை. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் பிறந்தவள் அவள். புனைவு வேறு, சரித்திரம் வேறு என்று பி.ஏ. பரீட்சையில் எழுதித் தேறியவன் நான்.

பாங்கில் விவசாயக் கடனுக்காகப் பத்திரமும் சிட்டாவும் புரட்டுகிறவனுக்கு அந்தக் கல் என்னவென்று உடனே தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு நிலப் பத்திரம். துரோகிகளின் நிலமும் அவர்கள் உறவினரின் நிலமும் பறிமுதலாகி விற்கப்பட்ட செய்தி. அவர்களில் பிரமாதிராயன் என்று பட்டம் பெற்ற அதிகாரிகள் இருந்தார்கள். ஏன் கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் கல்கி ஒரு பெண்ணின் பழியை வைத்தார். நாவலாசிரியனுக்கு அந்த உரிமை உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை.

என் சண்டை நம்மோடு. கட்டுரையோடு நாம் வாதாடுகிறோம், கதையோடு வாதாடுவதில்லை. அது உள்ளே போனபின், எங்கிருந்து வந்தது என்பது மறந்து, நம்பிக்கை மட்டும் தங்கிவிடுகிறது. தங்கியது நந்தினி மட்டுமல்ல. ராஜ்யங்கள் அந்தப்புரத்தில் கவிழ்கின்றன. நிலம், வரி, பதவி எல்லாம் வெறும் பின்னணி என்கிற ஒரு விதி. இன்றைக்கும் ஆட்சி ஆட்டம் கண்டால் டீக்கடையில் முதல் கேள்வி, ‘பின்னால் எவள்?’ என்பதுதான். 2022லும் 2023லும் திரையில் வந்த படங்கள் அந்த நந்தினிக்கு ஒரு முகத்தையும் கொடுத்துவிட்டன.

முந்நூறு பேர் படிக்கும் பக்கங்களில் உருவம், படிமம் என்று பேசிக்கொண்டு, லட்சம் பேரின் நம்பிக்கைகளை உருவாக்கும் எழுத்தைக் குப்பை என்று ஒரு வார்த்தையில் தள்ளுவது விமர்சனம் ஆகாது. எழுத்து நன்றாக இருக்கிறதா என்பதோடு, அது எதை நம்ப வைக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.

கோயிலை விட்டு வெளியே வரும்போது எனக்கு ஞாபகத்தில் இருந்தது கல்லில் இல்லாதவளின் முகம்தான். அந்த நிலத்தை விலைக்கு வாங்கியவன் பெயரும் கல்லில் இருக்கிறது. அதைப் படிக்க மறந்துவிட்டிருந்தேன்.