மடி போதுமா?

கழுத்து நிற்காத குழந்தைக்குக் காரில் எந்த இருக்கை?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். ஒரு பீங்கான் பொம்மையை வெளியூருக்கு அனுப்புவதென்றால் சும்மா தூக்கி லாரியில் போட மாட்டார்கள். ஆடாமல், அசையாமல், சுற்றிலும் அணை கொடுத்துத்தான் பெட்டியில் வைப்பார்கள்.

பொம்மைக்கு இவ்வளவு பத்திரம். பிள்ளைக்கு?

அதே ஊரிலிருந்து கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தாய் வாடகைக் காரில் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 60 கிலோமீட்டர் பிரயாணம். மடியில் 3 வயது மகன். மூளை முடக்குவாதத்தால் அவனுக்குக் கழுத்து சரியாக நிற்பதில்லை. “என் கையைவிடப் பத்திரமான இடம் எது?” என்று அவள் நினைக்கிறாள்.

பாசம் பெரியதுதான். ஆனால் வேகம் அதைவிடப் பொல்லாதது. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால், குழந்தை தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு பாரத்துடன் முன்னே பாயும். 10 கிலோ பிள்ளை 200 கிலோ ஆகிவிடும். எந்தத் தாயால் பிடிக்க முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 2019-ம் ஆண்டு திருத்தப்பட்டது. அதன் 194-பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் ஓட்டுகிறவருக்கு ரூ.1,000 அபராதம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

எல்லாப் பிள்ளைகளுக்கும் விலை உயர்ந்த விசேஷ இருக்கை தேவை இல்லை. சிறு குழந்தைக்குச் சாதாரண இருக்கையே பல சமயம் போதும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

1. வயதைப் பார்க்காதீர்கள். எடை, உயரம், கழுத்து நிற்கிறதா, முதுகு நிற்கிறதா என்று பாருங்கள்.

2. கழுத்து நிற்காத குழந்தைக்கு, காரின் பின்பக்கம் பார்த்து, சற்றுச் சாய்ந்து உட்காரும் இருக்கை நல்லது. மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் அது சேர்த்துத் தாங்கும். 18 கிலோ வரை இப்படி உட்கார வைக்கக்கூடிய இருக்கைகள் உண்டு. அதைக் காரின் முன் சீட்டில் வைக்கவே கூடாது. காற்றுப்பை விரிந்தால் உயிருக்கே ஆபத்து.

3. இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் வார் இருக்க வேண்டும்.

4. முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே தலையணை திணிக்காதீர்கள். வார் தளர்ந்துவிடும். தலை சாய்ந்தால், டாக்டரைக் கேட்டு, இரு பக்கமும் துண்டைச் சுருட்டி வைக்கலாம். தலையைத் துணியால் கட்டவே கூடாது.

5. வாங்குமுன் பிள்ளையை அதில் உட்கார வைத்துப் பாருங்கள். பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி நிபுணரிடம் யோசனை கேளுங்கள். விபத்தில் அடிபட்ட பழைய இருக்கை வேண்டவே வேண்டாம்.

யார் பொறுப்பு?

பிள்ளை வளர்ந்த பிறகும் கழுத்தும் முதுகும் நிற்கவில்லை என்றால்தான் சிக்கல். அப்போது விசேஷ இருக்கை வேண்டும். அவை பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. கூலி வேலை செய்யும் குடும்பம் எங்கே போகும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 21 வகை குறைபாடுகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று என அது ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழக அரசும் இந்தப் பிள்ளைகளுக்கு விசேஷச் சக்கர நாற்காலி வழங்குகிறது. நல்ல காரியம். ஆனால் அது வீட்டுக்கும் தெருவுக்கும் ஆன நாற்காலி. கார் இருக்கை ஆகாது.

மாவட்டந்தோறும் சில விசேஷ கார் இருக்கைகளை வாங்கி வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் இரவலாகக் கொடுத்தால் என்ன? பிள்ளை வளர்ந்ததும் இருக்கை அடுத்த பிள்ளைக்குப் போகும். அபராதம் கேட்கும் சட்டம், வழியும் காட்ட வேண்டும் அல்லவா?

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். வாடகைக் காரில் பல சமயம் பின் சீட்டு பெல்ட் உறைக்குள் மறைந்து கிடக்கும். பெல்ட் இல்லாமல் குழந்தை இருக்கையை எதில் கட்டுவது? ஆகவே காரைப் பேசும்போதே, “பின் சீட்டில் பெல்ட் இருக்கிறதா?” என்று கேளுங்கள். வாடகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.